அம்மாவின் வீட்டை விற்காமல் பெரிதாக்கினோம்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டை அப்பா 1983-ல் கட்டினார். ஒரு கிரவுண்டு மனை, 900 சதுர அடியில் தரைத்தளம் மட்டும், பின்னால் கிணறு, அதை ஒட்டி ஒரு வேப்பமரம். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்ததால் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் 2021-ல் அங்கே குடிவந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை, ஐந்து பேர். ஆறு மாதத்திலேயே இப்படி ஓட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது.

விற்றுவிட்டு வேறு இடம் போகலாம் என்பதுதான் முதல் யோசனை. மூன்று தரகர்கள் வந்து பார்த்தார்கள். மூவருமே மனைக்கு மட்டும்தான் விலை சொன்னார்கள். கட்டடத்தை இடிக்கிற செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார் ஒருவர். வரும் பணத்தில் பங்கு பிரித்தது போக மிஞ்சுவதற்கு, பெருங்களத்தூர் தாண்டி ஒரு அடுக்குமாடி வீடு கிடைக்கும். கிணறும் மரமும் போகும், அம்மா நாற்பது வருடமாகக் காய்கறி வாங்கும் கடைத்தெருவும் போகும். அம்மா சண்டை போடவில்லை. "நீங்க போறதுன்னா போங்கம்மா, நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா தரைமட்டத்தை நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார். சின்ன வயதில் நாங்கள் நான்கு படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் இப்போது இரண்டு படிதான் மிச்சம். எதிர் வரிசையில் பல வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எங்கள் மேல்படிக்குச் சற்றுக் கீழே நின்றது. அப்படிப்பட்ட வீட்டை இடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் காகிதம். பட்டா அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். கோயம்புத்தூரில் அப்பா வாங்கிப்போட்டிருந்த மனையில் தம்பி வீடு கட்டியிருப்பதால், இந்த வீட்டில் தன் பங்கை அம்மாவுக்கும் எனக்கும் விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தான். அப்புறம் பட்டா மாற்றம், வில்லங்கச் சான்றிதழ். இதற்கே நான்கு மாதம் ஓடியது. கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான் என்பதால், இதை முடிக்காமல் கொத்தனாரிடம் பேசவே வேண்டாம்.

அடுத்துச் செய்ததைத்தான் இந்த முழு வேலையிலும் நாங்கள் எடுத்த சரியான முடிவாக நினைக்கிறேன். ஒப்பந்தக்காரரைத் தேடும் முன்பே, தனியாகக் கட்டணம் கொடுத்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வந்தோம். மேலே ஒரு மாடி எடுத்தால் வீடு தாங்குமா என்பதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மூலைகளில் கடைக்கால் தெரியும்வரை குழி தோண்டச் சொன்னார். நான்கு அடி ஆழத்தில் கருங்கல் கட்டு, அதற்குக் கீழே கெட்டியான செம்மண் சரளை. பல்லாவரம் மலைக்குப் பக்கத்தில் இருப்பதன் அனுகூலம் என்றார். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததைப் பாடத்தில் படித்திருந்த என் மகன், குழியிலிருந்து வந்த ஒவ்வொரு கல்லையும் கழுவிக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழி நல்ல சேதி சொன்னது. சுவர்கள் வேறு சேதி சொன்னன. எங்கள் வீட்டில் தூண்கள் கிடையாது. கூரையின் பாரம் முழுவதும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள்மேல்தான் இறங்குகிறது. முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே பெரிய கூடமாக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுதான் பாரம் தாங்கும் சுவர். நான் தொடவே நினைக்காத, சமையலறைப் பக்கத்து நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பு. ஆக, என் வரைபடம் தலைகீழானது. தடுப்பை எடுத்துச் சமையலறையைத் திறந்தோம். நடுச்சுவரில் ஏழு அடிக்கு மட்டும், இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டுக் கொடுத்து, மேலே இரும்பு பீம் செருகிய பிறகு வாசல் எடுத்தோம். அன்றைக்கு முழுவதும் அம்மா பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

குளியலறைக் கூரையில் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. மேல்தளத் தொட்டியிலிருந்து பல வருடம் கசிந்த ஈரம். வேலைக்கு வந்தவர்கள், "பூசிட்டாத் தெரியாதுக்கா" என்றார்கள். பொறியாளர் விடவில்லை. துரு ஏறிய கம்பி வீங்கும், வீங்கினால் மேலே பூசியதை மறுபடி தள்ளிவிடும். தட்டினால் பொத்தென்று கேட்கும் இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கி, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்குப் பிறகுதான் கலவை. பன்னிரண்டு நாள் ஆனது.

மாடியில் எடைக் கணக்குதான் எல்லாமே. பழைய மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். ஒரு சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது. அதைப் பெயர்த்ததிலேயே 13 டன்னுக்கு மேல் பாரம் இறங்கியது. மேல்தளச் சுவர்களை ஏஏசி கற்களில், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கற்களில், கட்டினோம். செங்கல் சுவரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். கீழே ஒன்பது அங்குலச் சுவர் எங்கே இருக்கிறதோ அதன் தலைமேல்தான் மேலே சுவர். குளியலறைக்கு மேல் குளியலறை. இந்தக் கற்களும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கம்பிவலை வைக்காமல் பூசினால் கோடு விழும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில் வலை வைக்க மறந்தார்கள், அங்கே மட்டும் விரிசல் இருக்கிறது.

பின்பக்கம் அம்மாவுக்கு, படி ஏற வேண்டாத ஓர் அறையும் அதோடு சேர்ந்த குளியலறையும், 220 சதுர அடி. கிணற்றைத் தொடாமல் அளந்தோம். புதுக் கடைக்கால் எடுத்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பழைய வீடோ இறங்கி முடித்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சேர்ந்த இடத்தில் பிளக்கும். அதனால் நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, தெர்மகோல் வைத்துத் தனியாக எழுப்பினோம்.

அனுமதிக்கு அப்பாவின் பெட்டியில் இருந்த பழைய அப்ரூவல் வரைபடம் உதவியது. அது பல்லாவரம் நகராட்சி என்று இருந்த காலத்தது. 2021-லிருந்து நாங்கள் தாம்பரம் மாநகராட்சி. வரைபடத்தில் இல்லாத ஒரு தகரக் கொட்டகையைப் பக்க இடைவெளியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியிலேயே அனுமதி கிடைக்கிறது. எங்களுக்கு அது பிந்திவிட்டது. இப்போது தொடங்குபவர்கள் தங்கள் வேலைக்கு அது பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2023 ஜனவரியில், மழை முடிந்த கையோடு வேலை தொடங்கியது. முதலில் வந்த ஒப்பந்தக்காரர் மொத்தத்துக்கும் சதுர அடிக் கணக்கில் விலை பேசினார். பழைய பூச்சைக் கொத்தக் கொத்தப் புதுப்புது வேலை கிளம்பியது; ஒவ்வொன்றுக்கும் தகராறு; கடைசியில் முன்பணத்தில் ஒரு பகுதியோடு நின்றுவிட்டார். பிறகு வந்த மேஸ்திரியிடம் புதுக் கட்டுமானத்துக்கு மட்டும் சதுர அடி விலை, பழைய வீட்டு வேலைக்கெல்லாம் செய்ததை அளந்து கூலி என்று எழுதி வைத்துக்கொண்டோம். ஒரு நாள்கூட வாக்குவாதம் வரவில்லை.

பழைய மின்கம்பிகள் மரச்சட்டத்தின்மேல் ஓடின, எர்த் கிடையாது. முழுவதையும் மாற்றி மும்முனை இணைப்பு வாங்கினோம். இரும்புக் குழாய்களை வெட்டிப் பார்த்தால் உள்ளே துரு அடைத்து விரல் நுழையாத துளைதான் மிச்சம், சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாறினோம்.

தரையை மட்டும் மாற்றவில்லை. அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட மொசைக். அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இயந்திரம் வைத்து மூன்று முறை தேய்த்து மெருகேற்றியதில், நான் சிறுமியாக எண்ணி விளையாடிய பச்சைக் கல்லெல்லாம் திரும்பி வந்தது. செலவும் டைல்ஸைவிடக் குறைவு.

30 லட்சம் என்று திட்டமிட்டோம், 36 லட்சத்தில் முடிந்தது. கூடிய ஆறில் நான்கு, பழைய வீட்டைக் கொத்திய பிறகு தெரிந்த வேலைகளுக்கு. கடன் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கும் கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் வருமான வரிக் கழிவு, கட்டுமானக் கடனுக்கு 2 லட்சம் வரை. இந்த இரண்டில் எந்த வகைக் கடனாக வாங்குவது என்பதைக் கணக்காளரிடம் முன்பே கேளுங்கள்.

அந்த பத்து மாதமும் நாங்கள் வேறெங்கும் போகவில்லை. ஐந்து பேரும் முன்னறையில் படுத்தோம். தூசியில் சின்னவளுக்கு இருமல் விடாமல் இருந்தது. அந்த ஒன்றுக்காகவாவது மூன்று மாதம் வாடகைக்குப் போயிருக்க வேண்டும். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டிப் பதினான்கு நாள் தண்ணீர் தேக்கியதும் கிணற்றிலிருந்துதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருத் தண்ணீர் முதல் படியோடு நின்றது. ஆனால் புது அறையும் பழைய வீடும் சேரும் அந்த ஓர் அங்குல இடைவெளி வழியாக அம்மாவின் கட்டில்மேல் சொட்டியது. இடைவெளி விட்டது சரி. அதன் தலையை மூடிய விதம் தவறு. வெயில் காலத்தில் மேலே இரண்டு பக்கமும் சிறு கட்டை எழுப்பி, ஒரு பக்கம் மட்டும் பிணைத்த அலுமினியத் தகடு போர்த்தி, ஓரங்களில் நெகிழும் பசை வைத்தோம்.

அடுத்த வருடம் ஃபெஞ்சல் புயலின் இரவு, அம்மா படுக்கப் போகும் முன் அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். விடியற்காலையில் எழுந்து போய்ப் பார்த்தேன். வாளி காய்ந்திருந்தது, அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.