புரோபைக் கீழே வைக்கும் நேரம்

உதகையில் மார்கழியில் ஸ்கேன் பயிற்சி வகுப்பு வைத்தால், முதல் வேலையாக ஜெல் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைப்போம். சில்லென்ற ஜெல் பட்டதும் வயிறு இறுகிவிடும். இறுகிய வயிற்றில், உடல்மேல் வைத்துப் பார்க்கும் புரோபை எவ்வளவு அழுத்தினாலும் நல்ல படம் கிடைக்காது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருந்து நான் கற்றதன்று. லேபர் வார்டில் ஒரு வயதான செவிலியர் சொல்லிக் கொடுத்தது.

மகப்பேறு, மகளிர் நோய் அவசரங்களில் ஸ்கேன் பார்ப்பது எப்படி என்று கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, மஞ்சூர்ப் பக்கத்து மருத்துவர்களுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன். வருபவர்கள் ஸ்கேனுக்குப் புதியவர்கள் அல்லர். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், யார் வேண்டுமானாலும் கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்த்துவிட முடியாது. 2014இல் வந்த விதிகள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சியை வகுத்தன. அந்தத் தகுதியோடுதான் வருகிறார்கள். தலைச் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் என்னைவிட வேகமாக அளப்பார்கள். சிக்கல் தொடங்கியதே அந்தத் திறமையில்தான் என்பது எனக்குப் பிந்திப் புரிந்தது.

முதல் இரண்டு வகுப்புகளில் நானும் அழகான படங்களையே காட்டினேன். கருக்குழாயில் வளரும் கர்ப்பம் திரையில் வளையம்போல் எப்படித் தெரியும், அதைச் சூலகத்திலுள்ள சாதாரண நீர்க்கட்டியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு முழு மதியத்தைச் செலவிட்டேன். அந்த வகுப்புக்கு வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் சில வாரங்கள் கழித்து இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண். நாள் தள்ளிப் போயிருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதி, மாலையில் மயங்கி விழுந்திருக்கிறார். கருப்பை காலியாக இருக்கிறது, ஆனால் குழாயில் கர்ப்பம் எந்தப் பக்கம் என்று அரை மணி நேரமாகத் தேடியும் கிடைக்கவில்லை என்றார்.

"கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில் பார்த்தீர்களா, தம்பி?"

"இல்லைங்க, மேடம். பார்க்கிறேன்." சற்று நேரம் பேச்சில்லை. "கறுப்பாகப் பட்டையாக இருக்குங்க."

"அப்படியென்றால் புரோபைக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்."

கூடலூரிலிருந்து உதகை ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் நடுவட்டம் ஏற்றத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் அந்த ஐம்பதைக் கடக்க இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் யானை வழிமறித்தால் அதற்கு மேலும். உள்ளே இரத்தம் கசியும் பெண்ணிடமிருந்து அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டவர் அந்த இளைஞர் அல்லர். எதைத் தேட வேண்டும் என்று தவறாகச் சொல்லிக் கொடுத்த நான். இளம் பெண்களின் உடல், இரத்த அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடித்திருந்துவிட்டு ஒரேயடியாகச் சரிந்துவிடும் என்பதால், அழுத்தம் நன்றாக இருக்கிறது என்பதும் ஆறுதல் ஆகாது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். நான் பாடத்தை மாற்றினேன்.

இப்போது முதல் நாள் காலையில் கருப்பைப் பக்கமே போவதில்லை. வலது விலாவுக்குக் கீழே, கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டியிருக்கும் இடுக்கை மட்டும் பார்க்கிறோம். மல்லாந்து படுத்தவரின் வயிற்றில் கசியும் இரத்தம் தேங்கும் பள்ளங்களில் அது ஒன்று. கருக்குழாய் வெடித்த பெண்ணுக்கு அங்கே கறுப்புக் கோடு தெரிந்தால், பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய அளவுக்கு இரத்தம் போயிருக்கும். இதைப் பழகிக்கொள்ள மகளிர் வார்டில் ஆள் கிடைக்காது. கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்த ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் வயிற்றில் வைத்துத்தான் ஒருமுறை காட்டினேன். அந்த நீரும் புதிய இரத்தமும் திரையில் ஒரே கறுப்பு. ஐந்து மருத்துவர்கள் மாறி மாறிப் புரோப் வைத்ததும், "பையனா பொண்ணானு மட்டும் சொல்லிடாதீங்க, ஜெயில்ல போட்டுடுவாங்க" என்று அவர் சொன்னார். கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சட்டப்படி எஃப் படிவம் நிரப்பி நிரப்பிக் கை சோர்ந்த கூட்டம் அது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆனால் இரத்தம் எப்போதும் கறுப்பாகவே இருக்காது. உறைந்துவிட்டால் சாம்பல் நிறமாகிக் குடலைப்போலத் தோன்றும். அடிவயிற்றில் கருப்பைக்குப் பின்னால் இப்படி உறைந்து கிடந்ததைக் குடல் என்றே எண்ணிக் கடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கருப்பையை இரண்டாம் நாள்தான் தொடுகிறோம். கடைகளில் விற்கும் பயிற்சிப் பொம்மையின் விலை லட்சங்களில் இருப்பதால், ஜெலட்டினில் இசப்கோல் கலந்து டப்பாவில் உறையவைத்து, நீர் நிரப்பிய கையுறை விரலை உள்ளே புதைத்து, அதற்குள் ஒரு பட்டாணியைக் கருவாக இட்டுக்கொள்கிறோம். இரவில் வெளியே வைத்தாலே உறைந்துவிடும். இந்த ஊர்க் குளிரால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை.

அதற்கடுத்து, ஸ்கேனை நம்பக் கூடாத இடங்கள். நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணுக்கு இரத்தப் போக்கு என்றால், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரலால் உள் பரிசோதனை செய்யக் கூடாது; அதைக் காட்டுவதில் ஸ்கேனுக்கு ஈடில்லை. ஆனாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால், மேலே இருக்கும் நஞ்சுகூடக் கருப்பை வாயை மூடியதுபோலத் தோன்றும். கழிக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்ட நிலையில் ஸ்கேன் பல நேரங்களில் ஒன்றுமே காட்டாது. வயிறு பலகையாக இறுகி, தாய் வலியில் துடிக்கையில், "ஸ்கேன் நார்மல்" என்று சீட்டில் எழுதி உட்காரவைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை.

இதில் என் தவறும் ஒன்று உண்டு. சூலகம் முறுக்கிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிகிறது என்பதை நம்பி விடியும்வரை காத்திருந்தேன். ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கக்கூடும் என்று படித்தவள்தான். திரையில் நிறம் மின்னியபோது அது நினைவுக்கு வரவில்லை. அந்தச் சூலகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்கிறேன். சொல்லும்போது அறை அமைதியாகிவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் அதே இளம் மருத்துவர் மறுபடி அழைத்தார். கர்ப்பம் உறுதி, கருப்பை காலி, கல்லீரலுக்குக் கீழே கறுப்பு என்று மூன்றே வாக்கியம். எந்தப் பக்கக் குழாய் என்று நான்தான் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பார்க்கலைங்க, மேடம். 108 கிளம்பிடுச்சு, இந்நேரம் நடுவட்டம் தாண்டியிருக்கும். பிளட் குரூப் ஓ பாசிட்டிவ்."

நான் தியேட்டருக்குச் சொல்லிவிட்டு இரத்த வங்கிக்கு நடந்தேன்.