புதன்கிழமை ராத்திரி நின்ற வண்டி

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலை. கிடங்கிலிருந்து அசெம்பிளி லைனுக்குச் சாமான் கொண்டுபோக அங்கே 12 தானியங்கி வண்டிகள் ஓடின. எந்த வண்டி எந்தச் சந்திப்பில் முதலில் போகவேண்டும் என்பதை ஒரு கணினி வைஃபை வழியாகச் சொல்லும். முதுநிலை ஆய்வு மாணவனாக நான் அங்கே போனபோது என்னிடம் கொடுத்த வேலை ஒன்றுதான்: இந்த வண்டிகள் ஏன் அடிக்கடி நடுவழியில் நிற்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டி நிற்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 50 மில்லி விநாடிக்கு ஒரு முறை கணினியிடமிருந்து ஒரு சின்னச் செய்தி வரவேண்டும். 200 மில்லி விநாடி ஒன்றுமே வராவிட்டால், அதாவது வரிசையாக நான்கு செய்திகள் தவறினால், வண்டி தானே பிரேக் போட்டுவிடும். அப்புறம் யாராவது நடந்துபோய் அதை மறுபடி கிளப்பவேண்டும். வண்டி அப்படி நிற்பதில் தப்பே இல்லை. முன்னால் ஆள் வந்தால் வண்டியின் லேசர் ஸ்கேனர் பார்த்துக்கொள்ளும். ஆனால் மூலைக்கு அப்பால் இன்னொரு வண்டி வருவது அதற்குத் தெரியாது. கட்டளை கேட்காத வண்டி நிற்பதே எல்லோருக்கும் நல்லது.

முதல் அளவீட்டை ஒரு சனிக்கிழமை மதியம் எடுத்தேன். லைன் ஓடாத நாள், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்தேன். சிக்னல் எல்லா இடத்திலும் பலமாக இருந்தது. ஆயிரம் செய்திகளில் ஒன்று தவறியது, அவ்வளவுதான். கணக்குப் போட்டேன். ஒவ்வொரு இழப்பும் தனித்தனியாக, தற்செயலாக நடக்கிறது என்றால், நான்கு செய்திகள் வரிசையாகத் தவறுவது லட்சம் கோடியில் ஒரு முறை. விநாடிக்கு 20 செய்திகள் என்று வைத்தால், ஒரு வண்டி நிற்க 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 12 வண்டிகள் என்றாலும் நூறு ஆண்டுகளுக்கு மேல். ஆனால் உண்மையில் வாரத்துக்கு நாலைந்து முறை நின்றுகொண்டிருந்தது.

என் கணக்கில் கூட்டல் கழித்தல் தப்பில்லை. 'தனித்தனியாக' என்ற ஒரு சொல்தான் தப்பு. அதைப் புரியவைத்தவர் லைனில் சாமான் வாங்கி அடுக்கும் ஓர் அக்கா. பதினெட்டு வருஷமாக அங்கே வேலை செய்பவர். நான் மடிக்கணினியோடு சுற்றுவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டார்.

"தம்பி, சனிக்கிழமை வந்து பாத்தா என்னா தெரியும்? புதன்கிழமை ராத்திரி வாங்க. அந்த மூணாவது மூலையில நில்லுங்க. வண்டி நின்னா எனக்குத்தான் திட்டு விழுது, அதான் எனக்குக் கணக்குத் தெரியும்."

செவ்வாய் இரவு பெரிய சரக்கு வரும். புதன்கிழமை அலமாரிகள் கூரைவரைக்கும் நிரம்பிவிடும். நிரம்புவது அட்டைப்பெட்டி இல்லை, அலுமினியப் பாகங்கள் அடுக்கிய இரும்புக்கூடைகள். சனிக்கிழமை நான் அளந்தபோது அந்த அலமாரிகள் பாதிக்கு மேல் காலி. காலி அலமாரிக்குள் புகுந்து வந்த ரேடியோ அலை, நிரம்பிய அலமாரியில் மோதித் திரும்பியது. ஆக, நான் அளந்தது வேறு ஒரு தொழிற்சாலை.

புதன்கிழமை இரவு மூன்றாவது மூலையில் நின்றேன். நேராக வரும்வரை வண்டி பின்னால் இருக்கும் அணுகல் நிலையத்தோடு, அதாவது வைஃபை அலை அனுப்பும் பெட்டியோடு, பேசிக்கொண்டு வந்தது. மூலை திரும்பியவுடன் அலமாரி நடுவில் வந்துவிட்டது. சிக்னல் ஒரே நொடியில் சரிந்தது. வைஃபையில் எப்போது நிலையம் மாறுவது என்று முடிவு செய்வது வண்டியில் இருக்கும் ரேடியோதான். அது பழைய நிலையத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. விட்டபிறகு ஒவ்வொரு சேனலாக, அதாவது ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடி, புது நிலையத்தைக் கண்டு, மறுபடி அடையாளம் காட்டி உள்ளே போகவேண்டும். கால் விநாடி, சில சமயம் அரை விநாடி. அந்த இடைவெளியில் நான்கு செய்தி என்ன, எட்டுச் செய்திகூடப் போய்விடும். அவை தனித்தனியாகத் தவறவில்லை. கூட்டமாகத் தவறின. எனக்கு அன்றைக்குத்தான் சராசரி என்பதன்மேல் இருந்த நம்பிக்கை போனது.

கம்பியில்லாத் தொடர்புத் துறையில் 'ஐந்து ஒன்பது' என்று ஒரு பேச்சு உண்டு, அதாவது செய்திகளில் 99.999 சதவீதம் தவறாமல் சேரவேண்டும். 2018-இல் வந்த 5ஜி தரநிலை, 32 பைட் செய்தியை ஒரு மில்லி விநாடிக்குள் அந்த நம்பகத்தன்மையோடு சேர்ப்பதை இலக்காக வைத்தது. பெரிய விஷயம்தான். ஆனால் லட்சத்தில் ஒன்று தவறும் என்றால், எங்கள் வண்டி ஒவ்வொன்றும் 83 நிமிடத்துக்கு ஒரு செய்தியை இழக்கும். ஒன்று போனால் பரவாயில்லை, அடுத்தது 50 மில்லி விநாடியில் வந்துவிடும். ஆகவே எத்தனை போனது என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை சேர்ந்து போனது என்று கேட்கவேண்டும். அதைச் சொல்லாத ஆய்வுக் கட்டுரையை இப்போதும் நான் பாதியில் மூடிவிடுகிறேன்.

தீர்வாக முதலில் வண்டியில் இரண்டாவது ரேடியோ வைத்தோம். ஒரே செய்தியை இரண்டு வழியிலும் அனுப்பு, முதலில் வருவதை எடு, மற்றதைத் தள்ளு. கம்பி வலைப்பின்னலில் பழகிய முறை. இரண்டு வழியிலும் நூற்றில் ஒன்று தவறினால், சேர்ந்து தவறுவது பத்தாயிரத்தில் ஒன்று. காகிதத்தில் அழகாக இருந்தது. புதன்கிழமை இரவு மறுபடி நின்றது. இரண்டு ஆன்டெனாவையும் ஒரே கம்பத்தில் மாட்டியிருந்தோம். ஒரே அலமாரி இரண்டையும் ஒன்றாக மறைத்தது, இரண்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் நிலையம் தேடிக் கிளம்பின.

பிறகு ஓர் ஆன்டெனாவை முன்பக்கம், இன்னொன்றைப் பின்பக்கம் மாற்றினோம். இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸில் வெவ்வேறு சேனல். பக்கத்திலேயே விமான நிலையம் என்பதால், ராடார் தென்பட்டால் விட்டு விலகவேண்டிய சேனல்களைத் தொடவே இல்லை. ஒரு ரேடியோ நிலையம் மாறும்போது மற்றது அசையக்கூடாது என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். மொத்த ஆய்விலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். முன் ரேடியோ மூலை திரும்பித் தேடும்போது, பின் ரேடியோ இன்னும் பழைய பாதையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருக்கும்.

சரக்கு லிப்ட் மட்டும் மிஞ்சியது. இரும்புக் கதவு மூடினால் எந்த ரேடியோவும் பேசாது. அங்கே செய்தியைச் சேர்க்கப் போராடுவதை விட்டுவிட்டோம். உள்ளே போகும் முன்பே வெளியே வரும் வழியில் சில மீட்டர் தூரத்தை அந்த வண்டிக்கு என்று கணினி ஒதுக்கிவிடும். வேறு வண்டி அங்கே வராது. அந்தத் தூரம்வரை மௌனத்திலேயே போகலாம். வெளியே வந்ததும் பேச்சுத் தொடரவேண்டும், இல்லாவிட்டால் நிற்கவேண்டும்.

ஆறு புதன்கிழமை இரவுகள் அந்த மூலையில் நின்று பதிவு எடுத்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. ஏழாவது வாரம் ஷிப்ட் முடிந்து அக்காவும் நானும் வாசலில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்தோம். அந்த மாதம் யாரும் தன்னைத் திட்டவில்லை என்று சொன்னார். அப்புறம், "பக்கத்து லைன் வண்டிக்கு எப்ப தம்பி மாட்டுவீங்க? அங்க என் தங்கச்சி இருக்கா" என்றார்.

அங்கே எந்தக் கிழமை அலமாரி நிரம்பும் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை" என்றார்.