கச்சான் முதுகில் அடிக்கும்போது

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கச்சான் காற்று தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, ஊவா மலைகளைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. பகலில் வெயில் 35 பாகையைத் தாண்டுவது அப்போது சாதாரணம். வயல் வட்டைக்குள் நிற்கிற ஆளுக்கு உதடு வெடிக்கும். காட்டுப் பக்கம் போகிறோம் என்று சொன்னால், "இந்தக் கச்சானுக்குள்ளயா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள்.

ஆனால் காட்டுப் பக்கத்துக் குடும்பிமலைக்கு வாகனத்தில் போகக்கூடிய காலமும் அதுதான். மாரியில் வெள்ளம் வந்தால் கிரானுக்கும் புலிபாய்ந்தகல்லுக்கும் இடையே பாதை மூடிவிடும். சனம் தோணியிலும் உழவு மெசினிலும் ஏறித்தான் அக்கரை போகும். பாதை காய்ந்து கிடக்கும் மாதங்களும் காற்று கொதிக்கும் மாதங்களும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. அதனால் இந்தப் பக்கம் போர்வீல் வாகனம் ஓட்டுகிறவர் சேற்றைவிடச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பெரிய டயருக்கும் லைட்டுக்கும் காசு செலவழிக்கிற பொடியன்கள் றேடியேற்றரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கு அது உண்மையாகவே மனக்கவலை.

நாங்கள் போனது மச்சானின் பழைய பஜேரோவில். 2.5 லீற்றர் டர்போ டீசல், 4டி56 இஞ்சின், ஓட்டோ கியர். இந்த இஞ்சினின் அடிப்பாகமான பிளொக் இரும்பு, அதன் மேலே பூட்டுகிற ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவான சூடு என்றால் நடுவில் இருக்கும் கெஸ்கட் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடும், சிலவேளை வெடித்தும் போகும். கொதித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக்கூடிய இஞ்சின் இல்லை இது.

புறப்படுவதற்கு முதல்நாள் கல்லடியில் தெரிந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அந்த அண்ணன் பொனட்டைத் திறப்பதற்கு முன்பே முன்பக்கம் குந்தி இருந்து கிறிலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஏசியின் கண்டென்ஸர் முன்னால், றேடியேற்றர் பின்னால், இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளிதான் குப்பைக் கிடங்கு. புல் விதை, பூச்சி, புழுதி எல்லாம் கண்டென்ஸரைத் தாண்டிப் போய் றேடியேற்றரின் முகத்தில் படிந்திருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினார். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். பிறஷர் கன்னைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் படுத்துவிடும், அதன்பிறகு காற்றுக்கு வழியே இல்லை.

மச்சான் ஆசையாகக் கிறிலுக்கு முன்னால் பூட்டியிருந்த நீளமான எல்ஈடி லைட்டையும் கழற்றி மேலே கூரைக்கு மாற்றச் சொன்னார் கராஜ் அண்ணன். மச்சானுக்கு முகம் சுருங்கிப்போனது. "காத்து வாற வாசல்ல கதவு போடுறியா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

விசிறியையும் பார்த்தார். இந்த வாகனத்தின் விசிறி இஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. நடுவில் சிலிக்கன் எண்ணெய் நிரப்பிய ஒரு கிளச் உண்டு. றேடியேற்றரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் அந்தக் கிளச் இறுகி விசிறியை வேகமாகச் சுழற்றும். சூடான இஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் தள்ளினால் தடை தெரிய வேண்டும். காற்றாடி மாதிரித் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே போனால் கிளச் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேகமாக ஓடும் தார் ரோட்டில் அது உங்களுக்குத் தெரியாது. முதல் கியரில் ஊர்ந்து போகும் காட்டுப் பாதையில்தான் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் விசயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. கரையோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பும் காரையும் படியும், அலுமினியம் அரிக்கும். கூலன்டும் வடித்த நீரும் அரைக்கு அரை, அதுதான் சரி. குளிர் நாட்டுக்கென்று செய்த கூலன்ட் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது துருவைத் தடுக்கிறது, தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கிறது. அதற்கு மேல் றேடியேற்றர் மூடியின் அழுத்தமும் சேர வேண்டும். 0.9 பார் அழுத்தத்துக்கான மூடி நன்றாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 100 பாகைக்குப் பதில் 118 பாகை அளவில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்த லாபமெல்லாம் ஆவியாகப் போய்விடும். மிக மலிவான அந்த மூடியைத்தான் கடைசியாக மாற்றுகிறார்கள்!

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். சூடேறுகிற வாகனம் என்றால் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. இஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகும் வழியை மூடிவைக்கிற வால்வு அது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில இஞ்சின்களில் தேர்மோஸ்டட் திறக்கும்போது அதன் அடித்தட்டுத்தான் றேடியேற்றரைச் சுற்றிப் போகிற பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் றேடியேற்றரைப் பார்க்காமலே இஞ்சினுக்குள் சுற்றும். தார் ரோட்டில் இஞ்சின் அளவுக்கு மீறிக் குளிரும், ஏற்றத்தில் முன்பைவிடச் சூடேறும்.

விடியுமுன் புறப்பட்டோம். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி தாண்டிக் கிரானில் தேத்தண்ணி குடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பினால் மேற்கு. கொஞ்ச நேரத்தில் கிறவல் பாதை. புலிபாய்ந்தகல் தாண்டியதும் வயல் முடிந்து பற்றைக்காடும் மேய்ச்சல்தரையும் தொடங்குகிறது. பாலை மரத்தடிகளில் மாட்டுப் பட்டிகள். தூரத்தில் குடும்பிமலை தனியாக நிமிர்ந்து நிற்கிறது. சிங்களத்தில் தொப்பிகல.

போகும்போது சூடு ஒரு பிரச்சினையே இல்லை. காற்று நேர் முன்னால் அடித்தது. வாகனம் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஊர்ந்தாலும் றேடியேற்றருக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற மாதிரிக் காற்று. சூட்டு மீற்றரின் முள் நடுவுக்குக் கீழேயே இருந்தது.

மலைக்குக் கிட்ட ஒரு வற்றிய ஓடை. ஆற்று மணல், சக்கரம் பாதி புதைகிற ஆழம். இஞ்சினைவிட ஓட்டோ கியருக்குத்தான் இங்கே சோதனை. இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் டோர்க் கொன்வேர்ட்டர் இருக்கிறது. அது எண்ணெய் வழியாகத்தான் விசையைக் கடத்துகிறது. ஒரு பக்கம் வேகமாகச் சுற்ற, சக்கரத்தோடு சேர்ந்த மறுபக்கம் சுற்ற முடியாமல் நின்றால், இஞ்சினின் சக்தி முழுவதும் அந்த எண்ணெயில் சூடாக இறங்குகிறது. மணலில் புதைந்த வாகனத்தில் எக்ஸிலேற்றரை மிதித்துக்கொண்டே இருப்பவர் அடுப்பில் எண்ணெய் காய்ச்சுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சூட்டு முள்ளில் அது உடனே தெரியாது. இந்த எண்ணெய்க்கென்று தனி மீற்றர் உள்ள பழைய வாகனம் அரிது. சிலவற்றில் எல்லை தாண்டிய பிறகு எரிகிற ஒரு விளக்கு மட்டும் உண்டு. கியர் எண்ணெய் 80 முதல் 95 பாகை வரை இருந்தால் நல்லது. 120 தாண்டினால் எண்ணெய் கருகிப் பிசினாகத் தொடங்கும். 150 அளவில் உள்ளே கிளச் தட்டுகளே எரியும்.

அதனால் ஓடைக்குள் இறங்குமுன்பே நிறுத்தினோம். டயர்க் காற்றை 32இலிருந்து 18க்குக் குறைத்தோம். டயர் தட்டையாகி மணலின் மேலே மிதந்து போகும். தள்ள வேண்டிய பாரம் குறைந்தால் சூடும் குறையும். பிறகு லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக இழுக்கிற கியர் வரிசை. புதைந்த பிறகு போடுகிற கியர் என்றுதான் இதைப் பலர் நினைக்கிறார்கள். சக்கரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை கிடைப்பதால் இஞ்சின் இலகுவாகச் சுற்றும், கொன்வேர்ட்டர் வழுக்குவதும் குறையும். ஓட்டோ கியர் வாகனத்துக்கு லோ ரேஞ்சைப்போல ஒரு குளிரூட்டி கிடையாது. இரண்டாம் கியரில் பிடித்து, ஒரே சீராக, நடுவில் நிற்காமல் மச்சான் ஏற்றிவிட்டான். கிளச் வைத்த வாகனம் என்றால் அரைக் கிளச்சில் தொங்காமல் இருப்பதும் இதே கணக்குத்தான்.

மலையடியில் காலாறினோம். பட்டி வைத்திருக்கும் ஒரு ஐயா எருமைத் தயிரைக் கரைத்து மோர் தந்தார். அந்த வெயிலில் அதற்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

திரும்பும்போதுதான் கச்சான் தன் வேலையைக் காட்டியது. பகல் ஒன்று தாண்டி, காற்று உச்சத்தில். இப்போது நாங்கள் கிழக்கே போகிறோம், காற்று முதுகில். வாகனம் 15இல் ஊர, காற்று 25, 30இல் பின்னாலிருந்து வருகிறது. நாங்கள் கிளப்பிய புழுதியே எங்களை முந்திக்கொண்டு முன்னால் போனது. அதைப் பார்த்தாலே போதும், றேடியேற்றருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கிவிடும். முன்னால் இருந்து வரவேண்டிய காற்று வரவே இல்லை. விசிறி இழுக்கிற காற்றுக்கு எதிராகப் பின்காற்று தள்ளுகிறது. இஞ்சின் அறையிலிருந்து வெளியேறிய சூடு வாகனத்துக்கு அடியால் முன்பக்கம் சுற்றிவந்து மறுபடி கிறிலுக்குள் நுழைகிறது. காலையில் வந்த அதே பாதை, அதே வேகம், அதே பாரம். முள் மட்டும் நடுவைத் தாண்டி மேலே நகர்ந்தது.

ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்தோம். வெயிலில் அது கொடுமைதான், ஆனால் ஹீற்றர் என்பது உள்ளே இருக்கும் இன்னொரு சின்ன றேடியேற்றர். எங்களோடு கிரான் வரைக்கும் ஏறியிருந்த அந்தப் பட்டிக்கார ஐயா பின் சீற்றில் இருந்து சொன்னார்: "மூஞ்சக் காத்துக்குக் காட்டி நிப்பாட்டு மனே. பின்னேரத்தில நெல்லு ஏத்திப் போகக்குள்ள எங்கட மெசின்காரனுகளும் இப்பிடித்தான் கிறுக்கி நிப்பாட்டுவானுகள்."

வெட்டவெளியான ஒரு இடத்தில் வாகனத்தை மேற்கே பார்க்கக் கிறுக்கினோம், அதாவது திருப்பினோம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இஞ்சினை 1500 சுற்றில் வைத்துக்கொண்டிருந்தோம். இஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வோட்டர் பம்பும் நிற்கும், விசிறியும் நிற்கும். ஹெட்டில் இருக்கும் சூடு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். வெறும் ஐடிலிங்கைவிட 1500 சுற்றில் பம்பும் விசிறியும் இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்யும், டர்போவும் ஆறும். நியூட்ரல் ஏன் என்றால், சில கியர்பொக்ஸ்களில் பார்க்கிங்கில் போட்டால் எண்ணெய் கூலருக்குப் போகாது, நியூட்ரலில் போகும். முழுக் கச்சானும் கிறிலுக்குள் அடித்தது. முள் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது.

ஒன்று மட்டும் வேறுபடும். தண்ணீர் ஒழுகி ஆவி பறந்தால், அல்லது முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், யோசிக்காமல் இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இல்லாத இஞ்சினில் சென்ஸர் வெறும் ஆவியில் நிற்கும். முள் திடீரென்று கீழே இறங்கிக் காட்டும். அது நல்ல செய்தி இல்லை. மூடியைத் திறக்க அவசரப்படவும் கூடாது. மேல் ஹோஸைக் கையால் அமத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால்தான் துணி போட்டுத் திறக்கலாம்.

அதன்பிறகு காற்றின் போக்குக்கே ஓட்டினோம். பாதை வளைந்து காற்றுப் பக்கவாட்டில் அடிக்கும் இடங்களில் நகர்ந்தோம், நீளமான கிழக்குப் போக்குகளின் நடுவில் ஒருமுறை கிறுக்கி நின்றோம். கிரானில் ஐயாவை இறக்கி, டயருக்குக் காற்றடித்து, தார் ரோட்டில் ஏறியதும் முள் தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கச்சான் காலத்தில் இனி மலைக்குப் போனால் திரும்பும் நேரத்தைப் பின்னேரம் காற்று விழுந்த பிறகுதான் வைப்போம். யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டவும் விடக்கூடாது. அந்த இடைப்பட்ட நேரம் குறுகியதுதான், ஆனால் போதும்.

மறுநாள் கியர் எண்ணெயின் குச்சியை இழுத்துப் பார்த்தோம். சிவப்பு மாறவில்லை, கருகிய மணம் இல்லை. காப்பி நிறத்துக்குப் போயிருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

அடுத்தது அம்பாறைப் பக்கம். ஆடியில் உகந்தை முருகன் கோயில் திருவிழாவுக்குப் பொத்துவில், பாணமை வழியாகப் போகிறோம். பாணமை தாண்டினால் மறுபடி மணலும் கிறவலும், கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் வழியெல்லாம் இருப்பார்கள். அவர்களுக்குப் புழுதி அடிக்காமல் மெதுவாகத்தான் போக வேண்டும். மெதுவாகப் போனால் சூடு. அதனால் தனியாக ஒரு கியர் எண்ணெய்க் கூலர் வாங்கி வைத்திருக்கிறோம். கியர்பொக்ஸிலிருந்து வரும் எண்ணெய் முதலில் றேடியேற்றரின் அடித்தொட்டிக்குள் போய், பிறகு புதுக் கூலருக்கு வந்து, அங்கிருந்து கியர்பொக்ஸுக்குத் திரும்பும்படி பூட்டப் போகிறோம். திரும்பும் எண்ணெய்தான் கடைசியாகக் குளிர வேண்டும். வெளியேறும் குழாயில் ஒரு சூட்டு மீற்றரும் வரும். கூலரைக் கண்டென்ஸருக்கு முன்னால் வைக்கலாமா, பக்கவாட்டில் தனி விசிறியோடு வைக்கலாமா என்பதில் மச்சானும் கராஜ் அண்ணனும் இன்னும் ஒத்துவரவில்லை. நான் பக்கவாட்டின் பக்கம். முன்வாசலை இன்னொருமுறை அடைக்க எனக்கு மனமில்லை.