ஒரு குட்டி மாநிலத்துக் கடைக்காரங்க கதை

அமெரிக்காவுலயே சின்ன மாநிலம் ரோட் ஐலண்டு. பரப்பளவுல நம்ம மதுரை மாவட்டத்தவிட கொஞ்சம்தான் பெருசு. அங்க யூதர்கள் நடத்துன கடைகளப் பத்தி கொஞ்ச நாளா தேடித் தேடி படிச்சுட்டு இருக்கேன். தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில வளர்ந்த எனக்கு அது வேத்து ஊரு கதையாவே தெரியல.

1880களுக்கு அப்புறம் ரஷ்யா பக்கம் கலவரம் தாங்க முடியாம கப்பல் ஏறுனவங்க நிறைய பேரு. ரஷ்யாவுல யூதர்கள நிலம் வாங்க விடல, பல வேலைக்கு சேர்த்துக்கல, அதனால வாங்கி விக்கிறதுதான் தெரிஞ்ச தொழில். வந்த எடத்துல முதல் போட காசு ஏது, ஊசி நூல் துணின்னு மூட்டைய முதுகுல தூக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கி, தவணைக்குக் குடுத்து, காசு சேர்ந்ததும் தள்ளுவண்டி, அப்புறம்தான் கடை. சைக்கிள்ல புடவை மூட்டையோட வந்து அட்டையில வரவு எழுதிட்டுப் போற அண்ணாச்சிய பாத்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

போலந்துல இருந்து வந்த ஹாசன்ஃபெல்ட் அண்ணன் தம்பிங்க 1923ல ஆரம்பிச்சது கட்பீஸ் வியாபாரம்தான். அப்புறம் பென்சில் பாக்ஸ், பள்ளிக்கூட சாமான், பொம்மைன்னு போயி அதுதான் இன்னைக்கு ஹாஸ்ப்ரோங்கற பெரிய பொம்மை கம்பெனி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மார்ட்டின் சேஸ் கதை. அந்த மாநிலத்துல துணி மில்லுங்க ஒண்ணொண்ணா தெற்கு மாநிலங்களுக்குப் போயிருச்சு, கட்டடம் காலி. அங்க கம்பர்லண்டுங்கற ஊர்ல அப்படி ஒரு பழைய மில்லுக்குள்ளதான் 1953ல ‘ஆன் அண்ட் ஹோப்’ கடைய தொறந்தாரு. எடுத்துக் காட்ட ஆள் கிடையாது, நீங்களே வண்டியில அள்ளிப் போட்டு வாசல்ல காசு கட்டணும், செலவு கம்மி அதனால விலையும் கம்மி. இத நேர்ல போயி பாத்தவங்கள்ல சாம் வால்டனும் ஒருத்தரு, அவரு 1962ல ஆரம்பிச்சதுதான் வால்மார்ட். கடைசியில 2001ல ஆன் அண்ட் ஹோப் பெரிய கடைகள மூடிட்டாங்க, படிக்கும்போது மனசு கனத்துருச்சு.

பெஞ்சமின் பிராம்பெர்க் 1924ல ஆரம்பிச்ச பென்னிஸ் கடையும் 2017 வரை குடும்பமே நடத்துச்சு.

இதெல்லாம் இன்னைக்கு நமக்குத் தெரியுதுன்னா அங்க ஒரு யூத வரலாற்றுச் சங்கம் 1950கள்ல இருந்து உக்காந்து எழுதி வச்சிருக்கு. விளக்குத்தூண் பக்கம் கடை வச்சிருக்கிற சொந்தக்காரங்க யாராச்சும் இத படிச்சா, தாத்தா காலத்து பேரேட்ட எடைக்குப் போடாதீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வந்து ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வைக்கிறேன்.