பாடத்தாள் கணினிக்குப் புது விண்டோஸ்: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2025, ஞாயிறு, யாங்கோன்

வரும் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிகிறது. கூடுதலாக ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அதுவும் அடுத்த அக்டோபரில் நின்றுவிடும். எனவே இப்போதே 11க்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இந்தக் கணினியில் படங்களும் பாட்டுகளும் மட்டும் இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். கோயில் ஞாயிறு வகுப்புக்காகப் பெரியப்பா பல வருஷம் உட்கார்ந்து தட்டிய பாடத்தாள்கள் அத்தனையும் இதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் பர்மியப் பொருள். நம் பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படிக்கிறவர்கள், பர்மியத்தைத்தான் வேகமாக வாசிப்பார்கள். அவர்களைத் தமிழுக்குள் கூட்டிவர இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

இந்தக் கணினி 11ஐத் தாங்குமா என்று பார்க்கும் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினேன். 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லை என்றது. பிராசஸர் இன்டெல் 8ஆம் தலைமுறை, அதாவது 11 ஏற்றுக்கொள்ளும் வரிசையின் முதல் படி. அப்படியிருக்க டிபிஎம் இல்லாமல் போகாது. மறைச்சாவிகளைப் பூட்டி வைக்கும் அந்தப் பகுதி பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது, பல போர்டுகளில் அணைத்து வைத்திருப்பார்கள். விண்டோஸுக்கு முன்னால் எழும்பும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய்த் தேடினால் இன்டெல் அதற்கு வைத்திருக்கும் 'பிடிடி' என்ற பெயரில் இருந்தது. அதையும், நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் செக்யூர் பூட்டையும் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

பழைய ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டது, திறக்கவே ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகிறது. அதன் மேலேயே ஏற்றாமல் புது எஸ்எஸ்டி வாங்கி, அதில் சுத்தமாகப் போடப் போகிறேன். பாடத்தாள் கோப்புறையை முதலில் வெளி டிஸ்க் ஒன்றிலும், அப்புறம் தம்பியின் மடிக்கணினியிலும் நகல் எடுத்தேன். இரண்டு இடத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

விண்டோஸ் 11 ஏற்றப் பென்டிரைவில் போட வேண்டிய கோப்பு 5 ஜிபிக்கு மேல். எங்கள் தெருவுக்கு முறை வைத்துத்தான் மின்சாரம் வருகிறது. கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி பக்கத்துப் பிள்ளைகள் "மீ லாபி!" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தும்போதெல்லாம் அது தானாக நகர ஆரம்பித்தது.

அக்டோபர் 18, சனி

தம்பி மகன் போனிலேயே வழி சொன்னான்: "அத்தை, பழைய டிஸ்க் வயரைக் கழட்டிட்டுப் போடுங்க. இல்லைன்னா பூட் பகுதியைக் கொண்டுபோய் அதுல எழுதிரும்." நல்ல யோசனை. இரண்டு டிஸ்க் இருக்கும்போது கணினியை எழுப்பும் அந்தப் பகுதியை இன்ஸ்டாலர் பழையதில் எழுதுவது உண்டு, பின்னால் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழும்பாது.

கரண்ட் வந்தவுடன் ஆரம்பித்தேன், இன்வெர்ட்டரும் முழுசாக ஏறியிருந்தது. ஏற்றுகிற வேலை அரை மணிக்குள் முடிந்துவிட்டது. நேரம் எடுத்தது அதற்குப் பிறகுதான். இணைய இணைப்பு கேட்கும் திரையில் வைஃபை பட்டியலே காணோம். யூஎஸ்பி வைஃபை துண்டுக்கான டிரைவர் உள்ளே இல்லை, அதை இறக்க இணையம் வேண்டும். கைபேசியை வயரால் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டதும் கம்பி இணைப்புபோல அதை ஏற்றுக்கொண்டது. பழைய லைசென்ஸ் அதே மதர்போர்டு என்பதால் தானாகவே அடையாளம் கண்டது, சாவி எண் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கணினியைத் தொடவில்லை. காலையில் எண்ணெய்க் குளியல், அப்புறம் அனவ்ரதா சாலைக் காளி கோயில். நல்ல கூட்டம்.

அக்டோபர் 23, வியாழன்

இன்று காலை நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. நெஞ்சு திக்கென்றது.

நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி டிபிஎம்மில் இருக்கும். டிபிஎம் இல்லாமல் போனாலோ பூட் அமைப்பு மாறினாலோ, யாரோ டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு பூட்டிக்கொள்கிறது. அந்த 48 இலக்கமும் கணக்கிலேயே சேமிப்பாகியிருக்கும். கைபேசியில் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் எடுத்து, ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். திறந்தது.

ஆனால் உள்ளே போனால் பின் எண் வேலை செய்யவில்லை, கடவுச்சொல்லால்தான் நுழைய முடிந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்றது. கீழே மூலையில் தேதி 2018 ஜனவரி என்று நின்றது. அப்போதுதான் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. தேதி 2018 என்றால் தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை, உலாவி எப்படி நம்பும்? பயாஸில் பார்த்தால் நான் போட்டிருந்த பிடிடி மறுபடி அணைந்திருந்தது.

மதர்போர்டில் இருக்கும் சில்லறைக்காசு அளவு பேட்டரி செத்துவிட்டது. செருகியிருக்கும்வரை கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை ஒரு சின்ன மின்னோட்டத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதில் கடிகாரம் ஓடும். கரண்ட் அடியோடு போனால்தான் பேட்டரி தாங்க வேண்டும். மின்சாரம் நிற்காத ஊரில் இந்தப் பேட்டரி செத்தது வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். இங்கே அதற்குத் தினமும் வேலை. நேற்று ராத்திரி இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டதால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

தெருமுனைக் கடிகாரக் கடையில் சிஆர்2032 ஒன்று வாங்கினேன். பழையதை அவரே மீட்டரில் வைத்துக் காட்டினார், 3 வோல்ட் இருக்க வேண்டியது 2க்குப் பக்கத்தில் நின்றது. மாற்றி, பிடிடியைத் திரும்பப் போட்டு, தேதியைச் சரிசெய்தேன். பின் எண், தளங்கள், எல்லாம் ஒழுங்காகின. மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பழைய டிஸ்க்கை மாட்டிப் பாடத்தாளைத் திறந்தேன். இடப்பக்கம் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். வலப்பக்கம் பர்மியம் உடைந்து, நடுநடுவே புள்ளிவட்டங்கள்.

பெரியப்பா தமிழைப் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பர்மியத்தைச் சோஜி என்ற பழைய எழுத்துருவிலும் அடித்தவர். அந்தக் காலத்துக்கு அதுதான் வழி, அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. சோஜி இன்னும் சிக்கல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது, அதனால் எண்ணை மட்டும் பார்த்து இது சோஜியா யூனிகோடா என்று சொல்ல முடியாது. 'கெ' அடிக்கப் பாமினியில் கொம்பு முதலில், அப்புறம் க. யூனிகோடில் க முதலில் சேமிப்பாகும், காட்டும்போது கொம்பு முன்னால் வரும். பர்மியத்தில் நம் கொம்புபோல எழுத்துக்கு முன்னால் நிற்கும் தவேத்தோ என்ற குறியும் அச்சாக இதே கதைதான். இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே தலைவலி.

பழைய டிஸ்க்கின் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து இரண்டு எழுத்துருக்களையும் எடுத்து நிறுவினேன், தாள்கள் பளிச்சென்று வந்துவிட்டன. இதோடு விட்டுவிடலாம் என்கிறான் தம்பி மகன். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கைபேசியில் படிக்கிறார்கள், அங்கே பாமினி ஏது? இந்த நாடு 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்ததிலிருந்து புதுக் கைபேசிகளும் அந்தப் பக்கம்தான். மாற்றிவிடுவதே பெரியப்பா உழைப்புக்கு மரியாதை.

நவம்பர் 2, ஞாயிறு

மாற்றும் வேலை நன்றாகப் போகிறது. முழுத் தாளையும் மாற்றியில், அதாவது பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மென்பொருளில், கொட்டக் கூடாது. பாமினி மாற்றிக்கு ஆங்கிலமும் பாமினியும் ஒன்றுதான், தாளில் ஆங்கிலத்தில் இருக்கும் மாதப் பெயரையும் தமிழ் எழுத்தாக்கி வைத்துவிடும். வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடலாம். பாமினியில் இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, என்எச்எம் மாற்றியில் போட்டு, திரும்ப ஒட்டுகிறேன். அது இணையம் இல்லாமலே ஓடுகிறது, இங்கே அது பெரிய உதவி.

பர்மியப் பக்கத்துக்குக் கண்தான் வேண்டும். கடைசி சில தாள்களைப் பெரியப்பாவே யூனிகோடில் அடித்திருக்கிறார், அவற்றை மாற்றியில் போட்டால் நல்லது கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு தாளையும் திறந்து பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

தட்டச்சுக்குத் தனி மென்பொருள் எதுவும் போடவில்லை. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பர்மியத்துக்குத் தவேத்தோவை முதலில் அடிக்க விடும் விசைப்பலகையும் இருக்கிறது, பழைய கைப்பழக்கத்துக்கு அதுவே தோது.

காய்கறித் தாளும் உறவுமுறைத் தாளும் முடிந்து இன்றைய வகுப்புக் குழுவுக்குப் போய்விட்டன. பெகுவில் மாமா வீட்டிலும் இதே வயசுக் கணினிதான். வருகிற வாரம் அவரும் 11 போடப் போகிறார். முதலில் பேட்டரியை மாற்றிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறேன்.