கவுன்சிலர்ட்ட போகணும், ஆனா எப்படி போறது?

மனசு சரியில்லன்னா கவுன்சிலர்ட்ட போ-ன்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடுறாங்க, ஆனா யார பாக்குறது, எப்படி கேக்குறது, உள்ள போனா என்ன நடக்கும்னு ஒருத்தரும் சொல்றதில்ல. கட்டில விட்டு எந்திரிக்கவே முடியாம கெடக்குற நேரத்துலதான் ஃபார்ம் ஃபில் பண்ணு, மெயில் போடு, போன் பண்ணி ஸ்லாட் கேளுன்னு அத்தன வேலையும் தலைல விழுது. நானும் என் ஃப்ரெண்ட்ஸும் இதுல அல்லாடுனப்ப தெரிஞ்சுகிட்டத எழுதுறேன், யாருக்காவது உதவலாம்.

"இந்த வயசுல உனக்கு என்ன டிப்ரஷன்"னு கேக்குறவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவுல எடுத்து 2005ல வெளியான ஒரு பெரிய சர்வேல, மனநல பிரச்சனை வந்தவங்கள்ல பாதி பேருக்கு 14 வயசுக்குள்ளயும் முக்கால்வாசி பேருக்கு 24 வயசுக்குள்ளயும் அது ஆரம்பிச்சிருக்கு. வரதே பெரும்பாலும் இந்த வயசுலதான் சார்.

சரி, யார பாக்குறது? சைக்யாட்ரிஸ்ட்னா டாக்டருக்கு படிச்சவர், மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேச்சு மூலமா தெரபி குடுக்குறவர், பெரும்பாலான இடங்கள்ல மாத்திரை எழுத மாட்டார். யுனிவர்சிட்டி கவுன்சிலர் நெறைய இடத்துல கொஞ்சம் செஷன்தான் பாப்பாங்க, மேல தேவைன்னா வெளிய ரெஃபர் பண்ணுவாங்க, அப்படி பண்ணா அய்யய்யோ நம்ம கேஸ் அவ்ளோ முத்திடுச்சான்னு பயப்படாதீங்க, நெறைய நேரம் அங்க ஆள் பத்தாததுதான் காரணம். எங்க ஆரம்பிக்குறதுன்னே தெரியலன்னா சாதாரண டாக்டர்ட்டயே போகலாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 கம்மி இதெல்லாம் கூட டிப்ரஷன் மாதிரியே ஆள சாச்சிடும், அத ஒரு ப்ளட் டெஸ்ட்ல பாத்துடலாம்.

மெயில் எழுதுறதுலதான் பாதி பேர் நின்னுடுறாங்க. முழு கதையையும் எழுதணும்னு நெனச்சு நாலு பாரா அடிச்சு, படிச்சு பாத்து வெக்கமாயி, டிராஃப்ட்லயே கெடக்கும். இவ்ளோ போதும்: "நான் ரெண்டாம் வருஷ ஸ்டூடன்ட். ஒரு மாசமா தூக்கம் இல்ல, க்ளாஸுக்கு போக முடியல. அப்பாயின்ட்மென்ட் வேணும். போன்ல பேச கஷ்டமா இருக்கு, மெயில்லயே பதில் போடுங்க." அதுவும் முடியலன்னா ஃப்ரெண்ட டைப் பண்ண சொல்லிட்டு நீங்க சென்ட் மட்டும் அமுக்குங்க. இத எக்ஸாம் நெருங்குறதுக்கு முன்னாடியே செஞ்சா நல்லது, அப்ப எல்லாரும் ஒண்ணா வருவாங்க, க்யூ நீண்டுடும்.

போனதும் ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, பல இடத்துல அது பிஹெச்க்யூ-9, அதாவது டிப்ரஷன் எவ்ளோ இருக்குன்னு பாக்குற கேள்வித்தாள். ஒன்பது கேள்வி, கடைசி ரெண்டு வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. பொதுவா 10 இல்ல அதுக்கு மேல வந்தா இன்னும் நல்லா விசாரிக்கணும்னு எடுத்துப்பாங்க, அத வெச்சு மட்டும் நோய்னு முடிவு பண்ண மாட்டாங்க. (இந்த மார்க்கும் கம்மியா வாங்கணும்னு பொய் சொல்ற படிப்ஸ் ஃப்ரெண்ட் எனக்கு இருக்கான்.) ஒன்பதாவது கேள்விலதான் பேனா நிக்கும். செத்துட்டா தேவலன்னு தோணுச்சா, உங்கள நீங்களே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு கேக்கும். ஆமான்னு டிக் அடிச்சா உடனே வீட்டுக்கு போன் போயிடும்னு நெனச்சு பலபேர் 0 போட்டுடுறாங்க. ஆனா அடுத்து அவங்க கேக்கப்போறது வேற, சும்மா தோணுதா, ஏதாவது ப்ளான் வெச்சிருக்கீங்களா, செய்ற எண்ணம் இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டுட்டுதான் முடிவெடுப்பாங்க. பொதுவா நீங்க சொல்றது வெளிய போகாது, ஆனா உயிருக்கு உடனடி ஆபத்துன்னா, குழந்தைக்கு ஏதாவது கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா, கோர்ட் கேட்டா, அப்ப சொல்ல வேண்டியிருக்கும். விதி இடத்துக்கு இடம் மாறும், அதனால வாய தொறக்குறதுக்கு முன்னாடியே "நான் சொல்றது யார் யாருக்கு போகும், டிபார்ட்மென்ட்டுக்கு தெரியுமா, அப்பா அம்மாவுக்கு தெரியுமா"ன்னு கேட்டுடுங்க. தப்பா நெனைக்க மாட்டாங்க, இந்த கேள்விக்கு எரிச்சல் படுற ஆளா இருந்தா வேற ஆள பாக்கலாம்.

முதல் செஷன் முடிஞ்சு வெளிய வரும்போது பாரம் எறங்குன மாதிரி இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. பெரும்பாலும் அது விசாரணைதான், எப்ப ஆரம்பிச்சுது, வீட்ல யாருக்காவது இருக்கா, தூக்கம், சாப்பாடுன்னு போகும், சில பேருக்கு கிளறி விட்டதுல அன்னைக்கு ராத்திரி இன்னும் மோசமா கூட இருக்கும். மூணு நாலு தடவ போயும் இவர்ட்ட மனசு தொறக்கலன்னா ஆள மாத்துங்க, செட் ஆகலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லலாம், அவங்களுக்கு இது சகஜம்.

மாத்திரை குடுத்தா, டிப்ரஷனுக்கு பரவலா குடுக்குற மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆனா குமட்டல், தூக்கக்குளறுபடி மாதிரி சைட் எஃபெக்ட் முதல் வாரமே வந்துடும், அதுல கடுப்பாயி நிறுத்திடுறவங்க ஜாஸ்தி. டாக்டர கேக்காம திடீர்னு நிறுத்தாதீங்க. 25 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஆரம்பத்துல சாகணும்ங்குற எண்ணம் கூடலாம்னு எச்சரிக்கையே இருக்கு, அப்படி ஏதாவது தோணுனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் இருக்காம அன்னைக்கே கூப்டுங்க.

தாங்க முடியாத கட்டம்னா இந்த க்யூ, மெயில் எதுவும் வேணாம், உங்க ஊர் எமர்ஜென்சிக்கோ ஹெல்ப்லைனுக்கோ கூப்டுங்க, தனியா இருக்காதீங்க. ஃப்ரெண்டா இருந்தா "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாதுன்னு ஆராய்ச்சிகள்ல பாத்திருக்காங்க.

கடைசியா படிப்பு விஷயம். அசைன்மென்ட்டுக்கு டைம் கேக்கவோ எக்ஸாம தள்ளி வெக்கவோ டாக்டர் லெட்டர் போதும்னு பல யுனிவர்சிட்டில ரூல் இருக்கு, பெரும்பாலும் கெடு முடியுறதுக்கு முன்னாடியே குடுத்துடணும். அதுல என்ன நோய்னு எழுதாம "சிகிச்சையில் இருக்கிறார்"னு மட்டும் எழுதித் தர முடியுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, நெறைய பேர் அப்படியே எழுதிக் குடுப்பாங்க.