ஈஸ்ட் கிர்க்பி: ஒரு விமானதளத்தின் குறிப்புகள்

மே 8

இங்கிலாந்தின் கிழக்கோரத்து லிங்கன்ஷயர் தட்டையான நிலம், கிழக்கே கடலைத் தாண்டினால் ஜெர்மனி. அதனால்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குண்டுவீச்சு விமானதளங்கள் இங்கே இவ்வளவு நெருக்கமாக முளைத்தன. அவற்றில் ஒன்றான ஈஸ்ட் கிர்க்பி 1943 ஆகஸ்டில் திறந்தது. விளைநிலத்தின் மேல் மூன்று கான்கிரீட் ஓடுபாதைகள், பெரியது ஏறக்குறைய 1,800 மீட்டர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எதிர்க்காற்றில் கிளம்ப வேண்டும் என்பதால் மூன்று. முதலில் 57ஆம் ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) வந்தது, நவம்பரில் அதிலிருந்தே 630ஆம் ஸ்குவாட்ரன் பிரிந்தது, இரண்டிலும் லான்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். ஒரு குண்டில் எல்லாம் போய்விடக் கூடாதென்று விமானங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். அப்படியும் 1945 ஏப்ரல் 17 அன்று, குண்டு ஏற்றிக்கொண்டிருந்த விமானம் ஒன்று தீப்பிடித்து வெடித்ததில் நாலு பேர் செத்துப்போனார்கள், ஆறு லான்காஸ்டர்கள் நாசம். போர் முடிய இன்னும் மூன்றே வாரம்தான் இருந்தது.

மே 11

இன்று நேரில் போனேன். 'ஜஸ்ட் ஜேன்' என்ற லான்காஸ்டர் நான்கு மெர்லின் எஞ்சின்களும் ஓட, தரையிலேயே நகர்ந்து போகிறது, அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. இது போரில் பறந்ததே இல்லை. 1945இல் ஜப்பானுக்கு எதிராக அனுப்பக் கட்டி, அதற்குள் போர் முடிந்து, பிரெஞ்சுக் கடற்படைக்குப் போய், பசிபிக் தீவான நியூ கலிடோனியா வரை சுற்றிவிட்டு 1965இல் இங்கிலாந்து திரும்பியது.

உடலின் நடுவே இறக்கையைத் தாங்கும் பெரிய உத்திரம் குறுக்கே நிற்கிறது. கனத்த உடுப்போடு, இருட்டில், சுழன்று விழும் விமானத்தில் அதைத் தாண்டி வாசலுக்கு எப்படிப் போயிருப்பார்கள், போரில் இவற்றில் பறந்த பையன்கள்? ஆமாம், பையன்கள்தான், பெரும்பாலானவர்களுக்கு இருபதை ஒட்டிய வயது. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் மொத்தம் 55,573 பேர் இறந்தார்கள்.

மே 12

இந்த இடத்தைக் காப்பாற்றியவர்கள் ஃபிரெட், ஹரால்ட் என்ற பான்டன் சகோதரர்கள், தளத்து நிலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த விவசாயிகள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர், ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு வகை குண்டுவீச்சு விமானம் ஒன்றில் எஞ்சின்களைக் கவனிக்கும் ஃபிளைட் எஞ்சினியர், 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பர்க் மீது குண்டுவீசப் போய்த் திரும்பவில்லை, வயது 19. அந்த ஒரே இரவில் 795 விமானங்கள் போய் 95 அழிந்தன. தம்பிகள் 1983இல் ஜேனை வாங்கினார்கள், பிறகு அண்ணன் நினைவாக இங்கேயே அருங்காட்சியகம் வைத்தார்கள். அண்ணன் கிளம்பியது இந்தத் தளத்திலிருந்து அல்ல என்பது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை, துக்கத்துக்கு இடம் கையருகில் இருந்தால் போதும்.

ஆனால் இதையும் எழுதியே ஆக வேண்டும். பாம்பர் கமாண்டில் இந்தத் தளம் சேர்ந்திருந்த 5ஆம் குரூப்தான் 1945 பிப்ரவரி 13 இரவு ஜெர்மன் நகரமான டிரெஸ்டன் மீது முதல் அலையாகப் போனது. அந்த நகரத்தில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை. கிறிஸ்டோபருக்காக அழுகிற மனசு அவர்களையும் எண்ண வேண்டும், இரண்டும் ஒரே கணக்கில்தான் வரும் என்று எனக்குப் படுகிறது.

அடுத்து யார்க்ஷயரில் ஸ்கிப்டன்-ஆன்-ஸ்வேல் போக வேண்டும். கிறிஸ்டோபர் இருந்த 433ஆம் ஸ்குவாட்ரன் கனடா விமானப்படையைச் சேர்ந்தது, அவர்கள் பறந்தது அங்கிருந்துதான்.